உமரிக்கு உப்பு வேண்டாம்

என் அலமாரியில் ஒரு வெள்ளை அட்டை இருக்கிறது. நீளம் ஒன்றரை அடி, அகலம் ஒரு அடி. அதில் ஒரு செடியை வேரோடு தைத்து வைத்திருக்கிறேன். ஐப்பசி மழை தொடங்கியதும் அந்த அட்டை வியர்க்கும். தொட்டால் விரல் பிசுபிசுக்கும், விரலை நாக்கில் வைத்தால் கரிக்கும். என் மகள் வருஷத்துக்கு ஒரு தடவை அலமாரியைச் சுத்தம் செய்கிறேன் என்று கிளம்புவாள். "இதைத் தூக்கிப் போட்டா என்னம்மா, பக்கத்துப் புத்தகமெல்லாம் நமத்துப் போகுது" என்பாள். போட்டுத்தான் பாரேன் என்பேன். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் சொல்லிக்கொடுத்த குரல் எனக்கு. அது ஒரு படி ஏறினால் அவள் துணியைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

கோபம் எனக்கு அன்றும் இன்றும் மூக்கு நுனியில்தான். அந்தக் கோபத்தால் நான் கெடுத்துக்கொண்ட ஒரு காரியத்தைத்தான் எழுதப்போகிறேன். அதை எழுதினால்தான் இந்த அட்டை எதற்கு என்று மகளுக்கும் விளங்கும்.

எழுபதுகளின் நடுப்பகுதி. தூத்துக்குடியில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. அப்பா பாய்மரத் தோணியில் தண்டல். தோணிக்கும் அதில் ஏறும் ஆட்களுக்கும் அவர்தான் தலைவர். வெங்காய மூட்டை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போவார், காற்று விட்டால் வருவார். அம்மா கருவாடு போடுகிறவள். காலையில் கரைக்குப் போய் மீன் எடுத்து வந்து, வயிற்றைக் கீறிக் குடலை எடுத்து, குசினிக்குப் பின்னால் இருந்த சிமெண்டுத் தொட்டியில் அடுக்குவாள். ஒரு வரிசை மீன், ஒரு வரிசை உப்பு. மறுபடி மீன், மறுபடி உப்பு. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பலகை, பலகைமேல் கல். இரண்டு நாள் கழித்து எடுத்து அலசி, மணலில் பாய் விரித்துக் காயப்போடுவாள். மீனின் முதுகைப் பெருவிரலால் ஒரு அழுத்து அழுத்திப் பார்த்து, "இன்னும் ஒரு வெயில் வேணும்" என்பாள். அந்தக் கணக்கு ஒரு நாளும் தப்பியதில்லை. அவள் போட்ட கருவாடு கெட்டது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த வாசனையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். இப்போது எங்காவது கருவாடு வறுபடுகிற வாசம் வந்தால் தெருவிலேயே நின்றுவிடுகிறேன். அப்போது அப்படி இல்லை. கல்லூரிக்குப் போகிற பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிற பெண் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினாலே என் முந்தியை நானே முகர்ந்து பார்ப்பேன். தாவணியை வீட்டுக்குள் உலர்த்தாமல் பக்கத்து வீட்டு மாடியில் உலர்த்துவேன். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டால் "கப்பல்" என்பேன். அம்மா என்ன செய்கிறாள் என்று கேட்டால் "வீட்டில்தான்" என்பேன். இரண்டும் பொய் இல்லை, இரண்டும் உண்மையும் இல்லை.

எங்கள் சொந்தத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பெண் நான். அப்பாவுக்கு அதில் பாதிப் பெருமை, பாதிப் பயம். நான் பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம் படித்தபோது மணப்பாட்டில் ஒரு மாப்பிள்ளை தட்டுப்பட்டான், கப்பல் வேலைக்காரன். அப்பா கொழும்புக்குப் புறப்படுகிற அன்று என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார். "எல்லாப் பாடமும் பாசானா மூணாம் வருசமும் படி, நான் குறுக்க நிக்கல. ஒண்ணு போச்சுன்னாலும் கோயில்ல ஓலை வாசிச்சிர வேண்டியதுதான்" என்றார். ஓலை வாசிப்பது என்றால் இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று மூன்று ஞாயிறு பூசையில் அறிவிப்பது. அதற்குப் பிறகு பின்வாங்க முடியாது. சரிப்பா என்றேன். வேறென்ன சொல்ல.

மற்ற பாடங்களில் எனக்குப் பயம் இல்லை. தாவரவியல் செய்முறைத் தேர்வில்தான் ஒரு கண்டம் இருந்தது. முப்பது செடிகளை வேர், தண்டு, இலை, பூ எல்லாம் சேதாரம் இல்லாமல் பிடுங்கி, செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்திக் காயவைத்து, அட்டையில் தைத்துக் கொண்டுபோக வேண்டும். ஹெர்பேரியம் என்பார்கள். முப்பதில் ஒன்று குறைந்தாலும் வாங்கமாட்டார்கள். ஹெர்பேரியம் இல்லை என்றால் தேர்வு அறைக்குள்ளேயே விடமாட்டார்கள் என்று எங்கள் மிஸ் முதல் நாளே சொல்லிவிட்டார்.

அதற்காக நான் அந்தப் பாடத்தை வெறுத்தேன் என்று நினைக்கக்கூடாது. அதன்மேல் எனக்குப் பைத்தியம். வேர் என்பது செடியை நட்டு நிறுத்துகிற முளைக்குச்சி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். வேரின் நுனிக்கு ஒரு தொப்பி உண்டு, மண்ணைத் துளைத்துப் போகும்போது தலை தேயாமல் இருக்க அது காக்கிறது என்று மிஸ் சொன்ன அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்குச் சற்று மேலே கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் வேர்த்தூவிகள். மண்ணில் இருக்கிற நீரைவிட அந்தத் தூவிக்குள் இருக்கிற சாறு கனம். நீர் எப்போதும் கனமான சாற்றைத் தேடித்தான் போகும். அதனால் அது தானே வேருக்குள் ஏறுகிறது. கடற்கரை மணலில் கொடியாக ஓடுகிற அடும்பின் தண்டை பிளேடால் மெல்லிசாகச் சீவி, சிவப்புச் சாயத்தில் போட்டு, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். வட்டமாக வரிசை கட்டி நீர்க்குழாய்கள். கீழே இருந்து மேலே நீர் போகிற வழி அது. மேலே இலையில் ஆயிரம் துவாரங்கள்; அவை திறந்து ஆவியை விட விட, குழாயில் இருக்கிற நீர் மேலே இழுபடுகிறது. குழாயடியில் குடத்தோடு கால் கடுக்க நிற்கிற ஊர்க்காரி நான். ஆள் இல்லாமல், வாளி இல்லாமல், ஒரு பனை அத்தனை உயரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகிறதே என்று மலைத்துப் போனேன்.

படித்ததை அம்மாவிடம் சொல்வேன். வேறு யார் இருந்தார்கள் கேட்க. அவள் மீன் கீறிக்கொண்டே கேட்பாள். சும்மா கேட்கமாட்டாள், இடக்காகக் கேள்வி கேட்பாள்.

"ஏளா, இந்த அடும்பு மணலுக்கு மேலதானே ஓடுது. பொறவு கணுவுக்குக் கணு வேர் எதுக்கு?"

"காத்து மணலை அள்ளிட்டுப் போயிரும்லாம்மா. ஒரு இடத்துல பிடி விட்டாலும் இன்னொரு இடத்துல பிடிச்சுக்கிடும். ஒரு கணு அறுந்தாலும் அடுத்த கணு தண்ணி குடிக்கும்."

"அப்போ அதுக்குப் பத்து வாயி. ஒத்த வாயி இருக்கவளுக்கே இங்கன தண்ணியக் காணல" என்று சிரிப்பாள்.

அம்மா கீழவைப்பாரில் பிறந்தவள். உமரியை எனக்கு முதலில் காட்டியது பாடப் புத்தகம் இல்லை, அவள் சட்டிதான். உப்பளத்து ஓரத்திலும் கழி ஓரத்திலும் தரையோடு தரையாக, குட்டிக் குட்டிக் குண்டு இலைகளோடு வளரும் பூண்டு அது. இலையை உருவி வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கூனி இறாலும் தேங்காயும் போட்டுப் பிரட்டுவாள். நான் உப்பு டப்பாவை எடுத்து நீட்டினால் கையைத் தட்டிவிடுவாள். "உமரிக்கு உப்பு வேண்டாம். அது தனக்கு வேணுங்கிறத தானே கொண்டாருது."

செடிகள் சேர்க்கக் கல்லூரி விட்டதும் சாக்குப்பையும் பழைய கத்தியுமாகக் கிளம்பிவிடுவேன். மாப்பிள்ளையூரணிப் பக்கத்துப் பொட்டலில் தும்பை, குப்பைமேனி, நெருஞ்சி. கரையில் அடும்பும் ராவணன் மீசையும். உப்பளத்து ஓரத்தில் உமரி. கழிமுகத்துச் சேற்றில் கண்டல். அதன் வேர்கள் சேற்றுக்குள் மூச்சு முட்டுகிறது என்று மேலே தலை நீட்டி நிற்கும். மழை ஓய்ந்த தை மாதம், எல்லாச் செடியும் பூத்திருந்தது. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மணலில் முட்டி போட்டு, வேர் அறாமல் முழங்கை ஆழம் தோண்டுவேன். அந்த மாலை வெயில், கையில் ஈர மணல், தூரத்தில் அப்பா தோணி மாதிரியே ஒரு பாய். என் வாழ்நாளில் அதைவிடச் சந்தோஷமாக இருந்த நாட்கள் ரொம்பக் கிடையாது.

அழுத்திக் காயவைக்கப் பலகை வேண்டியிருந்தது. அம்மா தன் தொட்டிப் பலகையில் நல்லதாக இரண்டைத் தேய்த்துக் கழுவிக் கொடுத்தாள், கல்லும் அவளே தூக்கி வந்தாள். நான் அடுக்குவதை இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு வரிசை பேப்பரு, ஒரு வரிசை செடி. மேல பலகை, அதுக்கு மேல கல்லு. இது நான் பண்ணுத வேலைதானளா. இதுக்கா காலேஜுக்குப் போற?" என்றாள். பிறகு, "உப்பு எங்க?" என்றாள்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவளும் சேர்ந்து சிரித்தாள். எதற்குச் சிரித்தேன் என்று நான் சொல்லவில்லை. ஒரு நிமிஷம் உட்கார்ந்து சொல்லியிருக்கலாம்.

மாசியில் கல்லூரியில் எங்களைக் குற்றாலத்துக்கு மூன்று நாள் அழைத்துப் போனார்கள். அதற்குள் எட்டுச் செடி காய்ந்து அட்டையில் ஏறியிருந்தது. மீதி இருபத்திரண்டு கல்லுக்கு அடியில். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் அந்த வருஷம் செய்தித்தாளைத்தான் துளைத்தது. காலையில் எடுத்தால் தாள் சொதசொதவென்று இருக்கும். நான் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனேன். "தினம் தாளை மாத்தணும். ஈரத் தாளை வெயில்ல போடணும். அழுகிச்சுன்னா நான் பெயிலும்மா. பெயிலானா தெரியும்லா."

"தெரியும். நீ போயிட்டு வா, நான் கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

அப்பா அந்தப் பேச்சுப் பேசியதிலிருந்து அவளுக்கும் உள்ளுக்குள் கலக்கம் இருந்திருக்கிறது. எனக்கு அது அப்போது தெரியவில்லை. பதினாறு வயதில் கட்டிக்கொடுக்கப்பட்டவள் அவள்.

குற்றாலத்திலிருந்து அருவியையும் குரங்கையும் சொல்ல ஆசையோடு வந்தேன். அம்மா வாசலிலேயே நின்றாள், முகமெல்லாம் சிரிப்பு. பையைக்கூட வைக்கவிடவில்லை. "வா, வந்து பாரு" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனாள். கல்லை இறக்கினாள், பலகையை எடுத்தாள். முதல் தாளைப் பிரித்தாள். தாள் முழுக்க உப்பு. அடுத்த தாளிலும் உப்பு. வேர், தண்டு, இலை, பூ என்று ஓர் இடம் விடாமல் பொடி உப்பு.

அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். "ரெண்டாம் நாளு ஒரு மாதிரி வாடை அடிச்சுது. உமரி கசிஞ்சு பக்கத்துத் தாளெல்லாம் நனைஞ்சு கிடந்துச்சு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. பொறவுதான் வெள்ளை உப்பா எடுத்து, அம்மியில பொடிச்சு, ஒவ்வொரு இலையாப் புரட்டிப் புரட்டிப் போட்டேன். சீலா மீனுக்குக்கூட நான் இப்படிப் பாத்துப் போட்டதில்ல. உப்பில்லாப் பண்டம் குப்பையிலன்னு சும்மாவா சொன்னாங்க."

தும்பை கறுத்து நூலாகிக் கிடந்தது. குப்பைமேனி இலையைத் தொட்டால் கையோடு வந்தது. கீழாநெல்லியை அடையாளமே தெரியவில்லை. பூக்கள் எல்லாம் பழுப்புக் கூழ். மூன்று வாரத்தில் தேர்வு. வெயில் ஏறிவிட்டது, தை மாதத்துச் செடிகள் பொட்டலில் பாதிகூட மிச்சம் இருக்காது. மணப்பாடு கண் முன்னால் வந்து நின்றது.

"கருவாட்டுக் கையால என் படிப்பத் தொடாத, தொடாதன்னு எத்தன தடவ சொல்லுதது" என்றேன். கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன், அதுதான் இன்னும் மோசம். "உனக்கு என்ன தெரியும். மீனும் செடியும் ஒண்ணா. நாறுத கைய வச்சுக்கிட்டு எல்லாத்தையும் தொட்டு நாசமாக்கியாச்சு."

அதற்கு முன்னால் ஒரு தடவைகூட நான் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. ஆனாலும் எத்தனை தடவை சொல்வது என்றுதான் வாயில் வந்தது. மனசுக்குள் பஸ்ஸில் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன் போல.

அம்மா தன் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்தாள். "சரி" என்றாள். பிறகு தொட்டிப் பக்கம் போய்விட்டாள்.

மூன்று வாரம் நான் நாயாக அலைந்தேன். பதினொரு செடி மறுபடி கிடைத்தது. மீதிப் பதினொன்றுக்கு வழியில்லை; உமரி கிடைத்தாலும் அதன் குண்டு இலை மூன்று வாரத்தில் காயாது. இருந்ததை உதறி, தூரிகையால் துடைத்து, முடிந்த அளவு உப்பை எடுத்து அட்டையில் தைத்தேன். வீட்டில் சண்டை ஒன்றும் இல்லை. சோறு வைப்பாள், "இன்னும் கொஞ்சம் போடவா" என்பாள். ஆனால் என் மேசையை மட்டும் அவள் தொடவில்லை. முன்பெல்லாம் கட்டிலில் கிடக்கிற புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைப்பாள். இப்போது அது கிடந்த இடத்திலேயே கிடந்தது. ஒரு நாள் கல்லூரி விட்டு வந்தேன். முற்றத்தில் அரிசி புடைக்கிற சுளகு கவிழ்ந்து கிடந்தது, அதன்மேல் ஒரு கல். "உன் தாள் ஒண்ணு காத்துல பறந்து வந்துச்சு, உள்ள இருக்கு எடுத்துக்க" என்றாள் அம்மா. சுளகைத் தூக்கினேன். என் ரெக்கார்டு நோட்டுத் தாள், வேரின் குறுக்குவெட்டுப் படம் போட்டது. கையால் எடுக்காமல் சுளகால் மூடியிருக்கிறாள். அந்த நிமிஷம் போய்க் கையைப் பிடித்திருக்க வேண்டும். நான் தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

தேர்வு அன்று வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். வயதானவர், தடித்த கண்ணாடி. வரிசையாக எல்லோர் அட்டைகளையும் புரட்டிக்கொண்டு வந்தார். என்னுடையதைத் தூக்கியதும் அவர் மேசைமேல் பொலபொலவென்று வெள்ளையாக உதிர்ந்தது.

"இது என்ன?"

"உப்பு சார்."

"உப்பு எப்படி வந்தது?"

"கடற்காத்து சார்" என்றேன். பக்கத்தில் எங்கள் மிஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் விரலால் தொட்டுப் பார்த்தார். "உங்க ஊர்க் காத்து உப்பை அம்மியில இடிச்சுப் போடுமா?" என்றார். பின்னால் பெண்கள் சிரித்தார்கள்.

இதற்குமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது. தலைக்குமேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. "எங்க அம்மா போட்டாங்க சார். அவங்க கருவாடு போடுறவங்க. அழுகிடக்கூடாதுன்னு போட்டாங்க" என்றேன். இரண்டு வருஷம் அந்த வகுப்பில் மூடி மூடி வைத்தது ஒரே மூச்சில் வெளியே வந்துவிட்டது. சிரிப்பு நின்றது.

அவர் சிரிக்கவில்லை. உப்பிட்ட பதினொரு அட்டைகளையும் மேசையில் பரப்பினார். "எல்லாத்துக்கும் ஒரே உப்பு, ஒரே நாள். இது ஏன் நூலாப் போச்சு, இது ஏன் போகல?" என்று இரண்டு அட்டையைத் தொட்டுக் காட்டினார். ஒன்று தும்பை. இன்னொன்று உமரி.

அப்போதுதான் நான் பார்த்தேன். மூன்று வாரம் அழுதுகொண்டே தைத்தேனே தவிர, எதையும் பார்க்கவில்லை. உமரி கொஞ்சம் இளைத்திருந்தது, அவ்வளவுதான். வேர், கணுக்கள், குட்டிக் குண்டு இலைகள் எல்லாம் அப்படியே இருந்தன. தண்டின் நடுவில் ஓரிடம் மட்டும் பள்ளமாக நசுங்கியிருந்தது. பெருவிரல் அகலம். காய்ந்திருக்கிறதா என்று அம்மா அழுத்திப் பார்த்த இடம் அது. இன்னும் ஒரு வெயில் வேணும் என்று தனக்குத்தானே சொல்லியிருப்பாள்.

"சொல்லும்மா" என்றார்.

சொன்னேன். நீர் கனமான சாற்றைத் தேடிப் போகும், மண்ணைவிட வேரில் சாறு கனம் என்பதால்தான் நீர் வேருக்குள் வருகிறது என்றேன். வெளியே உப்பைக் கொட்டினால் கணக்கு தலைகீழாகிவிடும். இலையில் இருக்கிற நீர் உப்பைத் தேடி வெளியே ஓடிவிடும், தும்பை அப்படித்தான் நூலானது என்றேன். உமரி பிறந்ததே உப்பு மண்ணில். அதன் சாறு ஏற்கெனவே உப்பு, அந்த உப்பால்தான் அதன் வேர் உப்பு மண்ணிலும் நீரை இழுக்கிறது. அதன் இலை நீரைச் சேர்த்து வைக்கிற சின்னக் குடம். அதனால் அது சீக்கிரம் விட்டுக்கொடுக்காது.

"இது புத்தகத்துல இல்லையே. எப்படித் தெரியும்?"

"எங்க அம்மா உமரிக் கீரைக்கு உப்புப் போடமாட்டாங்க சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காஞ்ச உப்பு கடைசியில எல்லாத்தையும் ஜெயிச்சிடும், இதையும்தான். இதுக்குக் கொஞ்சம் நாள் அதிகம் ஆகும், அவ்வளவுதான். அதைச் சேர்த்துச் சொல்லியிருக்கணும்" என்றார். பிறகு முப்பது அட்டைகளையும் அடுக்கி, மேல் அட்டையில் கையெழுத்துப் போட்டார்.

ஆனி மாதம் மதிப்பெண் தாள் வந்தது. எல்லாவற்றிலும் பாஸ். அப்பா அந்த வாரம் கரையில் இருந்தார். தாளை இரண்டு தடவை வாங்கிப் பார்த்தார். "அப்போ மணப்பாட்டுக்காரன் வேற இடம் பாத்துக்கிட வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

நான் தாளை எடுத்துக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். அம்மா தொட்டியில் மீன் அடுக்கிக்கொண்டிருந்தாள். "அம்மா, பாசாயிட்டேன். உன் உமரியத்தான் கேட்டாங்க" என்று நீட்டினேன். அவள் எழுந்தாள். முகம் மலர்ந்து போயிற்று. வாளித் தண்ணீரில் கையைக் கழுவினாள். மணலைப் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். சோப்பை எடுத்து மறுபடி கழுவினாள். முந்தானையில் துடைத்து, கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நீயே பிடிச்சுக் காட்டுளா. நான் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

அதில் குத்தல் ஒன்றும் இல்லை, கோபம் ஒன்றும் இல்லை. அதுதான் வழக்கம் என்பது மாதிரி சொன்னாள். நான் தாளை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் குனிந்து, ஆங்கிலத்தில் இருந்த ஒவ்வொரு வரியையும் பார்த்துக்கொண்டே வந்தாள். "செடிப் பாடம் எது?" என்று கேட்டாள். காட்டினேன். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

முறைப்படி காயவைத்த பத்தொன்பது செடிகளையும் ஐந்தாறு வருஷத்தில் பூச்சி தின்று தீர்த்தது. உப்பிட்டதில் பத்து பொடிந்து போயின. உமரி மட்டும் இருக்கிறது, பூச்சி அதில் வாய் வைக்கவில்லை. அந்த வருஷத்துக்குப் பிறகு எனக்குப் பட்டம் வந்தது, வேலை ஆணை வந்தது, பதவி உயர்வு வந்தது. ஒவ்வொரு தாளையும் அம்மாவிடம் கொண்டுபோனேன், கையில் வைத்துப் பாரும்மா என்று கெஞ்சியும் பார்த்தேன். சிரித்துக்கொண்டே கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வாள். சாகிற வரைக்கும் நான்தான் பிடித்துக் காட்டினேன். என் படிப்பில் அம்மா கை பட்டதில் மிஞ்சியிருப்பது அலமாரியில் இருக்கிற அந்த ஓர் அட்டைதான்.